செவிலிய மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவு

செவிலிய மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவு என்பது செவிலியம் பயில்வோர் தமது உணர்வுகளையும் நோயாளரின் உணர்வுகளையும் அறிந்து, சூழலுக்கு ஏற்பக் கையாளும் திறன் ஆகும். உணர்வுகளை வெறுமனே அடக்கிக்கொள்வது இத்திறன் ஆகாது.

வரலாறு

இக்கருத்துருவை 1990 இல் அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வரையறுத்தனர். டேனியல் கோல்மன் 1995 இல் வெளியிட்ட நூல் இதனைப் பரவலாக அறியச் செய்தது.

செவிலிய மாணவரின் உணர்வுச் சுமை இதற்கு முன்பே ஆராயப்பட்டுள்ளது. இலண்டன் பயிற்சி மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீசின் முடிவுகள் 1960 அளவில் வெளிவந்தன. நோயாளரைப் பெயரால் அழைக்காமல் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடுவது, பதற்றத்திலிருந்து தப்பிக்கும் தற்காப்பு வழக்கம் என அவர் விளக்கினார். இத்தகைய வழக்கங்கள் பதற்றத்தைத் தீர்க்கவில்லை. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை நிறைவு செய்யவில்லை.

மருத்துவமனைப் பயிற்சியில்

வலியால் அழும் குழந்தை, சினம் கொண்ட உறவினர், முதன்முறையாகக் காணும் மரணம் ஆகியவற்றை மாணவர் இளம் வயதிலேயே எதிர்கொள்கின்றனர். ஆனைமலை அடிவாரத்தில் கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ள பொள்ளாச்சி போன்ற ஊர்களில், மலைவாழ் பழங்குடியினரும் மலையாளம் பேசுவோரும் சிகிச்சைக்கு வருவதுண்டு. நோயாளர் தம் அச்சத்தைச் சொல்லத் தயங்கும்போது, முகக்குறிப்பையும் மௌனத்தையும் கவனித்து வினவுவது செவிலியரின் கடமையாகிறது.

பாம் சுமித் 1992 இல் வெளியிட்ட ஆய்வு நூல், வார்டின் பொறுப்புச் செவிலியர் நடந்துகொள்ளும் முறையே மாணவர்கள் உணர்வுகளைக் கையாளக் கற்பதில் முக்கியப் பங்கு வகிப்பதாகக் காட்டியது. இந்திய செவிலியர் மன்றம் 2021 இல் நடைமுறைப்படுத்திய பி.எஸ்சி. செவிலியப் பாடத்திட்டத்தில், பயன்பாட்டு உளவியல் முதல் பருவத்திலேயே இடம்பெறுகிறது. எனினும் வகுப்பறைப் பாடம், வார்டில் கிடைக்கும் வழிகாட்டலுக்கு மாற்றாகாது.

அளவீடு

இத்திறனை அளக்க இருவகைக் கருவிகள் பயன்படுகின்றன.

- தன்மதிப்பீட்டு வினாப்பட்டியல்: 1998 இல் சட்டி குழுவினர் உருவாக்கிய 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இவ்வகையைச் சேர்ந்தது.
- செயல்திறன் தேர்வு: மேயர், சலோவே, கருசோ ஆகியோரின் தேர்வு இவ்வகையினது. முகங்களில் தோன்றும் உணர்வை இனங்காணல் இதன் ஒரு பகுதி.

முதல் வகை, மாணவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தையே அளக்கிறது. எனவே அதன் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஒருவர் செவிலியப் பணிக்குத் தகுதியானவரா எனத் தீர்மானிக்க இயலாது. ஆள் பற்றாக்குறையாலும் ஓய்வின்மையாலும் விளையும் சோர்வை மாணவரின் மனவெழுச்சிக் குறைபாடாகக் கருதுவதும் பொருந்தாது.