அணுகுண்டைத் தேடிய கண்கள்

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. கையொப்பமிட்டும் ஐயம் அகலவில்லை. எனவே, மறைவில் நிகழும் சோதனைகளைக் கண்டறிய அமெரிக்கா 'வேலா' எனும் துணைக்கோள்களை ஏவியது.

1967 ஜூலை 2 அன்று அவை ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. அதன் சாயலோ அணுகுண்டினுடையதன்று. இத்தகைய 16 வெடிப்புகள் பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வந்தவையல்ல என்று கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகியோர் 1973-இல் அறிவித்தனர். அவை பால்வீதிக்கும் அப்பால், பலநூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் தோன்றுபவை என்பது 1997-இல் தெளிவாயிற்று. பெருவிண்மீன்கள் தம்முள் நொறுங்குவதாலும் நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைவதாலும் இவை எழுகின்றன.

இவற்றால் நமக்கு இடர் உண்டோ? சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் ஒன்று நிகழ்ந்து, அதன் கற்றை பூமியை நோக்கினால், காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகி ஓசோன் படலம் சிதையும். புற ஊதாக் கதிர்கள் உயிர்களைத் தாக்கும். ஏறத்தாழ 44½ கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவுக்கு இதுவே காரணமாகலாம் என 2004-இல் சிலர் கருதினர். நேரடிச் சான்று கிடைக்கவில்லை. 2022 அக்டோபர் 9 அன்று வந்த மிகப் பிரகாசமான வெடிப்பு அயனி மண்டலத்தைக் கலக்கியது. உயிர்களுக்கு ஊறு விளைக்கவில்லை.

விண்ணின் வெடிப்பு அரிது. அதைத் தடுப்பதும் நம்மால் இயலாது. அக்கண்கள் எதைத் தேடி ஏவப்பட்டனவோ அந்த அணுகுண்டுகளோ இன்றும் மனிதர் கையிலேயே உள்ளன. நாம் முதலில் அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை இவ்வரலாறே உணர்த்துகின்றது.