ஏலத்துக்கு வராத பக்கங்கள்
1847இல் மொரீஷியசிலிருந்து பிரான்சின் போர்தோ நகர ஒயின் வணிகர்களுக்குக் கப்பலில் போன ஒரு கடித உறை, 1993இல் சூரிக் ஏலத்தில் 50 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. அத்தீவின் முதல் தபால்தலைகள் இரண்டையும் சேர்த்துத் தாங்கிய ஒரே உறை அது.

அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். சென்னையில் கப்பலேறியவர்களில் நம் சேரி மக்களும் உண்டு. வணிகரின் கடிதம் வணிகரின் கோப்பில் தப்பியது. சாதி எழுதப் படிக்க விடாத மக்களுக்கு அப்படியொரு கோப்பு இல்லை.

ஆனால் பெயர், வயது, சாதி, உயரம், தழும்பு என வெள்ளை அரசு அவர்களைக் கண்காணிக்க எழுதிய பதிவேடுகள், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. தோழர்களே, அடக்குவதற்காக எழுதப்பட்டதை நம் வரலாறாக வாசிப்போம்.