குடிமகனின் சுதந்திரம்

சொற்களும் மனிதர்களைப் போலத்தான். காலம் மாறினால் வேலை மாறுகின்றன, அந்தஸ்தும் மாறுகின்றன. இன்று "குடிமகன்" என்றால் வாக்குரிமை உள்ளவன், நாட்டின் சொந்தக்காரர்களில் ஒருவன். "சுதந்திரம்" என்றால் 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. பழைய அகராதியைப் புரட்டினால் இரண்டு சொற்களுக்கும் வேறு பொருள்களும் அகப்படும். தென் மாவட்டங்களில் குடிமகன் என்றால் ஊர் நாவிதர். சுதந்திரம் என்றால் அறுவடைக் காலத்தில் ஊர்ப் பணியாளர்களுக்குக் களத்து மேட்டில் அளந்துவிடும் தானியப் பங்கு. "குடிமகன் சுதந்திரத்துக்குப் போயிருக்கிறான்" என்று அந்தக் காலத்தில் யாராவது சொன்னால், சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போயிருக்கிறான் என்று கேட்பவர் எண்ணமாட்டார். சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறான் என்றே புரிந்துகொள்வார்.

அந்தச் சுதந்திரத்திலிருந்து இந்தச் சுதந்திரத்துக்கு எத்தனை தூரம்? அதைக் கால்நடையாகவே கடந்து வந்தவர்கள் நம் முடிதிருத்தும் தொழிலாளர்கள். அரசர்களின் படையெடுப்பைப் பற்றி நமக்கு நிறையச் சரித்திரம் உண்டு. ஆனால் அரசனும் ஆண்டியும் தலையைக் குனிந்து உட்கார்ந்தது யார் முன்னாலோ, அவர்களைப் பற்றிய சரித்திரம் குறைவு.

விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் போகும் சாலையில் இருக்கிறது சூலக்கரை. இன்று அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. சாலையை விட்டு இறங்கினால் கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி நிலம். கம்பு, சோளம், பருத்தி. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நாவிதர் காலையில் அடைப்பத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவார். அடைப்பம் என்பது அவருடைய தோல் பை. கத்தி, கத்தரி, தீட்டுக்கல், கிண்ணி, சிறு கண்ணாடி எல்லாம் அதற்குள் அடக்கம். வீடு வீடாகப் போவார். திண்ணையில் அல்ல, வாசலிலோ கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோதான் வேலை. வந்தவர் மணையில் உட்காருவார். இவர் எதிரே குந்தியிருப்பார். சவரம் மட்டுமா? கல்யாணத்துக்கு மேளம், நாதஸ்வரம். சாவு வீட்டில் சடங்கு. கட்டியை அறுத்துக் கட்டுப்போடும் ரண வைத்தியம். அவர் மனைவி ஊர் முழுவதற்கும் மருத்துவச்சி. ஊரில் பிறந்தவர்களை முதலில் கையில் ஏந்தியது அந்த அம்மாள். இறந்தவர்களைக் கடைசியாக அனுப்பிவைத்தது அவள் கணவர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய பெரு நூலில் இந்த வைத்தியமும் பிரசவமும் இசையும் விவரமாகப் பதிவாகியிருக்கின்றன.

இத்தனைக்கும் கூலி, வருஷத்துக்கு ஒரு முறை களத்தில் கிடைக்கும் தானியம். இந்த முறையை முழுக்கவும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. விளைந்தால் அவருக்கும் பங்கு நிச்சயம்; வேலை இல்லை என்று யாரும் துரத்த முடியாது. ஆனால் கணக்கை நன்றாகக் கவனியுங்கள். நூறு தலைக்கும் அதே பங்கு. நூற்றைம்பது தலைக்கும் அதே பங்கு. கை சுத்தமாக வேலை செய்தாலும் ஏனோதானோ என்று செய்தாலும் மரக்கால் ஒன்றுதான். மழை பொய்த்தால் சம்சாரிக்குத் தானியம் இல்லை. இவருக்குச் சுதந்திரம் இல்லை. ஆனால் தாடி மட்டும் மழையை எதிர்பார்த்து வளர்வதில்லை. வேலை குறைவதே இல்லை. என் உழைப்புக்கு இன்ன விலை என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்ததில்லை. இந்தத் தலையை எடுப்பேன், அந்தத் தலையை மாட்டேன் என்பதையும் அவர் தீர்மானிக்கவில்லை.

அந்தக் கடைசி விஷயம்தான் கசப்பானது. சில தலைகளைத் தொடக் கூடாது என்று ஊர் கட்டளையிட்டது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கத்தி வைத்தால் மற்றவர்கள் அவரிடம் தலையைக் கொடுக்கமாட்டார்கள்; களத்துப் பங்கும் நின்றுபோகும். தாமே வாசலுக்கு உள்ளே வர முடியாத மனிதரை இன்னொருவரின் வாசலுக்குக் காவல் வைத்தது நம் சமூகம். சாதியின் சாமர்த்தியத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இந்தக் கட்டு எங்கே தளர்ந்தது? காசு புழங்கிய ஊர்களில். விருதுபட்டி என்ற பெயரில் சந்தையாக வளர்ந்த ஊர், 1923-இல் விருதுநகர் ஆயிற்று. பருத்தி, மிளகாய், மல்லி, எண்ணெய் என்று சரக்கு வந்து குவிந்தது. மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை அதை வெளியே கொண்டுபோயிற்று. இந்த ஊரை வளர்த்த நாடார் வணிகர்களும் அவமதிப்பை அறிந்தவர்கள்தாம். கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இல்லை. 1899-இல் சிவகாசி கலவரம் நடந்தது. அவர்கள் சரக்கின் மேல் மகமை என்று ஒரு சிறு தொகையை எடுத்துப் பொது நிதி சேர்த்தார்கள். கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மறுவருஷமே ஊரில் தொழில் தொடங்கிவிட்டது. பின்னால் பட்டாசும் அச்சகமும் வந்தன.

கூலிக்காரனுக்குக் களம் கிடையாது. தீப்பெட்டி ஆலையிலும் பஞ்சுக் கிட்டங்கியிலும் வேலை செய்கிறவன் நாவிதருக்குக் கம்பு அளக்க முடியாது. காசைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிராமத்து நாவிதரின் மகன் நகரத்துக்கு நடந்து வந்து ஒரு பெட்டியும் கண்ணாடியும் வைத்து உட்கார்ந்தால், அன்றைக்கு எடுத்த தலைக்கு அன்றைக்கே காசு. பத்துத் தலைக்குப் பத்துக் கூலி. அந்த வட்டாரத்துச் சிற்றூர்க்காரர்களுக்கு நகரம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அந்த நான்கைந்து மைலுக்குள் ஒரு யுகம் மாறியது.

அதே காலத்தில் தலைகளும் மாறின. குடுமி போய்க் கிராப்பு வந்தது. குடுமிக்கு முன்னந்தலையை மழித்தால் போதும். கிராப்புக்குக் கைத்திறன் வேண்டும். வெள்ளித்திரையில் தியாகராஜ பாகவதர் தோன்றிய பிறகு ஊருக்கு ஊர் "பாகவதர் கிராப்பு" கேட்டு வந்த இளைஞர்களுக்குக் கணக்கில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் கில்லெட் என்பவர் 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளேடு மெல்ல மெல்ல நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. முகச்சவரத்தை மனிதர்கள் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கினார்கள். நாவிதருக்கு இது பெரும் நஷ்டம் என்று தோன்றும். ஒரு வகையில் நஷ்டம்தான். ஆனால் பிடரியைத் தானே பார்த்து வெட்டிக்கொள்ளும் இயந்திரத்தை யாரும் விற்கவில்லை. எளிய வேலை கைவிட்டுப் போயிற்று. திறமை வேண்டிய வேலை மிஞ்சியது. திறமைக்கு விலை சொல்லலாம்.

வைத்தியமும் இப்படித்தான் கைவிட்டுப் போனது. இங்கிலாந்தில் 1540-இல் நாவிதரையும் ரண வைத்தியரையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். 1745-இல் வைத்தியர்கள் பிரிந்துபோய்ப் பெரிய மனிதர்கள் ஆனார்கள். நம் நாட்டிலோ ஆஸ்பத்திரி வந்து வைத்தியத்தை எடுத்துக்கொண்டது. "மருத்துவர்" என்ற பெயர் மட்டும் சாதிப் பட்டியலில் மிச்சமாக நிற்கிறது.

காசு வந்ததைவிடப் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. அது நாற்காலி. சலூன் என்ற சொல் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. விருந்தினர் கூடும் அறை என்று பொருள். நமது சலூனில் பத்தடிக்கு எட்டடி இடம், எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, சிவகாசியில் அச்சிட்ட நாட்காட்டி, அன்றையச் செய்தித்தாள். அந்தச் செய்தித்தாளைச் சுற்றி எத்தனை அரசியல் வளர்ந்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆனால் முக்கியமானது, யார் யாரிடம் வருகிறார்கள் என்பது. நேற்று வரை இவர் அவர்கள் வாசலில் காத்திருந்தார். இன்று அவர்கள் இவர் பெஞ்சியில் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். நேற்று குந்தியிருந்தவர் இன்று நிமிர்ந்து நிற்கிறார்; "கொஞ்சம் தலையைக் குனியுங்கள்" என்கிறார்; மிராசுதாரும் குனிகிறார்.

கடல் கடந்தும் இதே கதை நடந்திருக்கிறது. கனடாவில் 1857-இல் பிறந்த மார்த்தா மடில்டா ஹார்ப்பர் என்ற பெண், சிறு வயது முதல் பிறர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1888-இல், சேர்த்து வைத்திருந்த 360 டாலரைப் போட்டு அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் கூந்தல் அலங்காரக் கடை ஒன்றைத் திறந்தார். அதற்கு முன் சீமாட்டிகள் வெளியே போய்த் தலைவாரிக்கொள்வது வழக்கமில்லை. வேலைக்காரிதான் வீட்டுக்கு வருவாள். ஹார்ப்பர் அவர்களைத் தம் கடைக்கு வரவழைத்தார். சாய்ந்து படுக்க வசதியான நாற்காலி செய்து வைத்தார். தம் முறையில் கடை நடத்தும் உரிமையை, தம்மைப் போலவே வீட்டு வேலை செய்து வந்த பெண்களுக்குக் கொடுத்தார். உச்சத்தில் அப்படிச் சுமார் 500 கடைகள் இருந்தன. சூலக்கரைப் பக்கத்து நாவிதரின் மகனும் ராசெஸ்டர் வேலைக்காரியும் ஒருவரை ஒருவர் அறியார்கள். ஆனால் இருவரும் கண்டுபிடித்தது ஒன்றே: பிறர் வாசலுக்குப் போகும்வரை கிடைப்பது கூலி, தன் வாசலுக்கு வரவழைத்தால் கிடைப்பது விலை.

அந்த விலையையும் தனி மனிதர் ஒருவரால் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் நாலணா குறைத்தால் இவர் கதி என்ன? ஆகவே சங்கம் பிறந்தது. கட்டணப் பட்டியலை அச்சடித்து எல்லாக் கடையிலும் மாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றார்கள். களத்தில் "இன்னும் ஒரு படி போடுங்கள் சாமி" என்று கேட்ட குரல், "போர்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டது. அந்த அட்டையை ஒரு சிறிய சாசனம் என்றே சொல்வேன்.

ஆனால் களத்துக் கட்டளை ஒன்று கடைக்குள்ளும் பதுங்கி வந்தது. தாழ்த்தப்பட்டவர்களை நாற்காலியில் உட்கார வைக்க மறுத்த சலூன்கள் இருந்தன. கடைகளில் நுழைய எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். தீண்டாமையைக் குற்றமாக்கி 1955-இல் தனிச் சட்டமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் சில கிராமங்களிலிருந்து இந்தப் புகார் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மிரட்டுகிறார்கள், கடை நடக்காது என்று கடைக்காரர் காரணம் சொல்கிறார். மிரட்டல் மெய்யாகவே இருக்கலாம். அப்படியானால் அவர் இன்னும் களத்து மேட்டில்தான் நிற்கிறார். மேலே கூரை போட்டிருக்கிறது, அவ்வளவே. யார் தலையை எடுப்பது என்பதை ஊர் தீர்மானிக்கும் வரை அந்த நாற்காலி அவருடையது ஆகாது.

காசுச் சுதந்திரத்துக்கு வேறொரு பலவீனமும் உண்டு. மழைக்குப் பதிலாகக் காலண்டர் ஆட்டிவைக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் கடையில் நிற்க இடமிராது. பட்டாசு ஊர்களில் தீபாவளி கழிந்தால் ஆலைகள் சில நாள் மூடிக்கிடக்கும், கடையும் காற்று வாங்கும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கத்திப் பக்கமே வரமாட்டார்கள். 2020-இல் கொள்ளை நோய்க்காக ஊரடங்கு வந்தபோது மாநிலமெங்கும் சலூன்கள் ஏறக்குறைய 2 மாதம் பூட்டிக்கிடந்தன. வாடகை மட்டும் பூட்டவில்லை. பலர் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். முடிதிருத்துவோருக்கு நல வாரியம் இருக்கிறது. அரசு 2000 ரூபாய் உதவியும் அறிவித்தது. ஆனால் நல்ல மாதத்தில் கெட்ட மாதத்துக்கு எடுத்து வைத்தவர்களே நிமிர்ந்து நின்றார்கள். மகமை வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்று தொழில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. சென்னையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற நிறுவனங்கள் ஊர் ஊராகக் கிளை பரப்பின. முன்பு மருத்துவச்சியாக இருந்த பெண்ணின் பேத்தி மட்டுமல்ல, எந்தச் சாதிப் பெண்ணும் அழகுக்கலை கற்று மணப்பெண் அலங்காரத்துக்குத் தன் விலை சொல்கிறாள். ஒரு சாதியின் விதியாக இருந்த வேலை விரும்பிக் கற்கும் வித்தையாயிற்று. குளிர்சாதன அறையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் இளைஞர்களும் ஏராளம். அவர்கள் கத்தரிக்கு விலை சொல்வது முதலாளி. சம்பளத்தில் பாதுகாப்பு உண்டு, களத்துப் பங்கிலும் பாதுகாப்பு இருந்ததைப் போல. எது வேண்டும் என்று அவரவர் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்துகொள்ள முடிகிறது என்பதே புதுமை.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் என்ற சலூன்காரர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், தம் கடைக்குள்ளேயே நூலகம் வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படிப்பவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. 2020 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரோடு பேசினார். அந்தப் புகழை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தள்ளுபடி கொடுக்க ஒருவரால் முடிகிறதென்றால், விலை அவருடையது என்று பொருள். தமது சுவரில் எதை மாட்டுவது, தமது பெஞ்சியில் யாரை உட்கார வைப்பது, எவ்வளவு வாங்குவது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று எல்லாம் அவர் சொந்தத் தீர்மானம்.

களத்தில் அளந்துவிட்ட சுதந்திரத்தைக் கொடுக்க ஒருவர் இருந்தார். நிறுத்தவும் அவரால் முடிந்தது. கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, எந்தத் தலை வந்தாலும் துண்டைப் போர்த்தி, இன்ன கூலி என்று சொல்கிறாரே ஒருவர், அவருடைய சுதந்திரத்தை எந்த மரக்காலாலும் அளக்க முடியாது. குடிமகன் என்ற சொல்லை நாட்டு மக்கள் எல்லாருக்கும் பொதுவாக்கிக்கொண்டோம். அதை முதலில் சுமந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்றுதான்: கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நம் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பது.