வருகைப் பதிவேடும் ஒரு மருத்துவ வரலாறும்

இந்த முறை எழுதப் போவது நம் தலைமுறை ஆண்கள் வாய்விட்டுப் பேசாத விஷயம். வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறம் ஒதுங்கி இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஏன் என்று கேட்டால் "காக்கா தொட்டுடுச்சு" என்பார்கள். அதோடு கேள்வி முடிந்துவிடும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'ரேகிள்' என்றால் கோடு போடும் அடிக்கோல். 'விதி' என்றும் பொருள் உண்டு. அதே சொல் பன்மையில் மாதவிலக்கைக் குறிக்கும் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் அதைச் சொல்லித் தரவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த மூன்று நாளைப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி.

1970களின் கடைசியில் நான் ஒரு அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவில் எழுத்தராக இருந்தேன். வருகைப் பதிவேடும் விடுப்புக் கணக்கும் என் பொறுப்பு. அங்கே ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். பிழையில்லாமல் அடிப்பார், எல்லோரிடமும் இதமாகப் பேசுவார். ஆனால் மாதத்தில் சில நாட்கள் ஆளே மாறிவிடுவார். காகிதத்தை உருவிக் கிழிப்பார், அதிகாரியிடமே எரிந்து விழுவார், பிறகு ரெக்கார்டு அறைக்குள் போய் அழுவார். இரண்டு நாள் விடுப்பு எடுப்பார். திரும்பி வரும்போது பழைய மனுஷியாக வருவார், மன்னிப்பும் கேட்பார். "திமிர்" என்றார் ஒருவர். "புருஷன் வீட்டில் சண்டை" என்றார் இன்னொருவர். கடைசியில் நடத்தை குறித்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. அதை வரைந்தவன் நான். விடுப்பு எடுத்த தேதிகளை எல்லாம் வரிசையாக எழுதி இணைத்தவனும் நான்தான். அதன்பின் அவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது.

போன வருடம் உறவில் ஒரு பெண், எனக்குப் பேத்தி முறை, ஒரு அட்டவணையைக் காட்டினாள். கோபம், அழுகை, தூக்கம், பதற்றம் என்று கட்டம் போட்டு, இரண்டு மாதம் தினமும் மதிப்பெண் போட்டு வரச் சொல்லியிருந்தார் அவளுடைய மருத்துவர். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எண்கள் ஏறி, வந்த இரண்டொரு நாளில் அப்படியே இறங்கியிருந்தன. பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய பதிவேடு கண்முன் வந்தது. அதன் பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயர். மார்சேய் நகரத்து மருத்துவர் செவெரென் இக்கார், 1890ல் மாதவிலக்குக் காலத்துப் பெண் என்பதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மனநோயும் சட்ட மருத்துவமும்தான் அவருடைய அக்கறை. அந்த நாட்களில் பெண் செய்யும் குற்றத்துக்கு அவளை எவ்வளவு பொறுப்பாக்கலாம் என்பது கேள்வி. அவளுக்கு என்ன வைத்தியம் என்பது பின்னால்தான் வந்தது.

1931ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபிராங்க் என்ற மகப்பேறு மருத்துவர் 'மாதவிலக்குக்கு முந்தைய இறுக்கம்' என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார். உடம்பில் பெண் ஹார்மோன் அளவுக்கு மீறித் தங்கிவிடுவதே காரணம் என்று நினைத்தார். சிலருக்குக் கால்சியம் உப்பு கொடுத்தார். கடுமையாக இருந்தவர்களுக்குச் சினைப்பையின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். நோய் உண்மை என்று ஒப்புக்கொண்டவர் அவர்; ஆனால் அந்த வைத்தியத்தை நினைத்தால் இன்று உடம்பு நடுங்குகிறது. அதே வருடம் பெர்லினில் மனப்பகுப்பாய்வு மருத்துவர் கேரன் ஹார்னி, இதை மனத்தின் பக்கத்திலிருந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்.

அடுத்து வருபவர் லண்டன் மருத்துவர் கேதரினா டால்டன். முதலில் பாத நோய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். போரில் கணவரை இழந்த பின் மருத்துவம் படித்துத் தேறியவர். மாதவிலக்கை ஒட்டி வரும் அவருடைய ஒற்றைத் தலைவலி, கர்ப்ப காலத்தில் மட்டும் காணாமல் போனது. கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரோன் அதிகம் சுரக்கும் அல்லவா? அதிலிருந்து பிறந்தது அவருடைய எண்ணம். 1953ல் ரேமண்ட் கிரீன் என்ற மருத்துவருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். பி.எம்.எஸ். என்று நாம் இன்று சொல்லும் பெயர் அதில்தான் வந்தது. இந்த கிரீன், 1933 எவரெஸ்ட் பயணக் குழுவில் மருத்துவராகப் போனவர். எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் அண்ணன்.

டால்டனின் ஆயுதம் தேதி. பள்ளி மாணவிகளின் மதிப்பெண், சிறைக்கு வந்த பெண்கள் குற்றம் செய்த நாள் என்று எல்லாவற்றையும் காலண்டரோடு ஒப்பிட்டார். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கொலை வழக்குகளில் சாட்சி சொன்னார். ஒரு பெண்ணின் நாட்குறிப்பையும் சிறை, காவல் பதிவுகளையும் அடுக்கி, அவளுடைய குற்றங்கள் மாதச் சுழற்சியோடு திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டினார். தண்டனை குறைந்தது. நம் நாட்டிலும், குழந்தைகளைக் கிணற்றில் தள்ளியதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2018ல் இந்தக் காரணத்தையும் கருத்தில் கொண்டு விடுவித்தது.

இதைப் பெண்ணுரிமை பேசியவர்கள் எல்லோரும் வரவேற்கவில்லை. "மாதம் ஒரு வாரம் இவள் நிதானத்தில் இல்லை என்று கோர்ட்டே சொன்னால், எந்த முதலாளி வேலை கொடுப்பான்?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான பயம்தான். அதனாலேயே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது 1987ல் பின்னிணைப்பில்தான் இடம் பெற்றது. 2013ல்தான் பி.எம்.டி.டி. என்ற பெயரில், மனச்சோர்வு நோய்களின் வரிசையில், முழு இடம் கிடைத்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: இரண்டு மாதமாவது தினசரிக் குறிப்பு வேண்டும். ஞாபகத்திலிருந்து சொன்னால் போதாது.

டால்டன் கடைசிவரை நம்பிய புரோஜெஸ்ட்ரோன், 1990ல் வந்த அமெரிக்க ஆய்வில் வெற்று மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. நோயைக் கண்டுகொண்டது சரி, மருந்து தவறு. 1995ல் கனடாவில் 300க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸிடின் என்ற மாத்திரை நல்ல பலன் தந்தது. வழக்கமான மனச்சோர்வில் இது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இவர்களுக்குச் சில நாட்களிலேயே கேட்கிறது. அதனால் மாதத்தின் பின்பாதியில் மட்டும் சாப்பிட்டாலும் பலருக்குப் போதும். 1998ல் வந்த இன்னொரு ஆய்வு காரணத்தை விளக்கியது. இந்தப் பெண்களின் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அவர்கள் மூளை வேறு விதமாக உணர்கிறது. ஃபிராங்க் நினைத்தது போல எதுவும் மிகுந்துவிடவில்லை.

மாத்திரை மட்டும்தான் வழி என்றும் இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சையை ஃப்ளூவாக்ஸிடினோடு ஒப்பிட்டு லண்டனில் 2002ல் ஒரு ஆய்வு வந்தது. மாத்திரை சீக்கிரம் கேட்டது. ஆறு மாத முடிவில் இரண்டும் சமம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பேச்சு சிகிச்சையின் பலன்தான் கூடுதலாக நிலைத்திருந்தது. சிலருக்கு ஒரு வகைக் கருத்தடை மாத்திரையும் உதவுகிறது. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாதவிலக்குக்கு முன் கொஞ்சம் சிடுசிடுப்பு பெரும்பாலானவர்களுக்கு வருவது. அது நோய் இல்லை. நூற்றில் மூன்று முதல் எட்டுப் பேருக்குத்தான் இந்தக் கடுமையான வகை. அவர்களில் சிலருக்குச் சாகலாம் என்ற எண்ணம்கூட வரும். அதை "நாடகம்" என்று தள்ளக் கூடாது.

மெமோவோடு நான் இணைத்த அந்தத் தேதிப் பட்டியல், பேத்தியின் மருத்துவர் கேட்ட அட்டவணையைத் தவிர வேறல்ல. டால்டன் அதை நீதிமன்றத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கொண்டு போனார். நான் அதையே குற்றச்சாட்டாக்கினேன். தேதிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட நான்கு வார இடைவெளி இருந்தது என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும், அப்போது எனக்குத் தெரிந்ததை வைத்துப் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

அவர் அந்த மெமோவுக்கு எழுதிய விளக்கம் ஒரே வரி: "உடல் நலமில்லை, இனி நடக்காது." கோப்பில் நானே வைத்தேன். அடுத்த மாதமும் நடந்தது.

வாசிக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் மாதாமாதம் ஒரு வாரம் வேறு ஆளாகிவிடுகிறாள் என்றால், ஒரு காலண்டரை அவள் கையில் கொடுங்கள். இரண்டு மாதம் குறித்து வைக்கட்டும். பிறகு அதோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடப் போனால் இன்னும் நல்லது.