முதல் ட்ரையத்லான்: நீச்சல், சைக்கிள், ஓட்டம்... கூடவே ஒரு கூட்டம்!

"ட்ரையத்லானா... அதெல்லாம் மிலிந்த் சோமன் மாதிரி ஆளுங்களுக்குப்பா!" என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகிறவரா நீங்கள்? ஒரு வருடத்துக்கு முன்பு நானும் இதையேதான் சொன்னேன். 2015-ல் சூரிச்சில் அவர் முடித்தது அயர்ன்மேன். 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், 42.2 கி.மீ ஓட்டம். அதைப் பார்த்துப் பயப்படுவது நியாயம்தான். ஆனால், அந்தக் குடும்பத்தில் 'ஸ்பிரின்ட்' என்று ஒரு குட்டித் தம்பியும் உண்டு. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ சைக்கிள், 5 கி.மீ ஓட்டம், அவ்வளவுதான். இதன் இரு மடங்குதான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான ஒலிம்பிக் தூரம். முதல் போட்டிக்கு ஸ்பிரின்ட் தாராளமாகப் போதும்.

100 மீட்டராவது நிற்காமல் நீந்தத் தெரிந்தவருக்கு மூன்று மாதப் பயிற்சி போதும். நீச்சலே தெரியாது என்றால் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்கள், பி.பி, சுகர் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இதைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை நீச்சல் பகுதியில்தான் நடந்திருந்தன.

எந்தக் குழுவில் சேர்வது?

வாரம் மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம் என்று அட்டவணை போடுவது சுலபம். காலை நாலே முக்காலுக்கு அலாரம் அடிக்கும்போது எழுந்திருப்பதுதான் கஷ்டம். 'கிளம்பிட்டியா?' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டால், எப்படியாவது எழுந்துவிடுவோம். ஆனால், எல்லாக் குழுவும் ஒன்றல்ல. நான் முதலில் சேர்ந்த குழுவோடு ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டியபோது, உத்தண்டி டோலைத் தாண்டி பஞ்சர் ஆகிவிட்டது. முன்னால் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் லாரிகள் விர்ர்ர் என்று போக, அரை மணி நேரம் தனியாக நின்றேன். அடுத்த வாரம் அந்தக் குழுவுக்கு டாட்டா.

அதனால், சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஓர் அனுபவசாலி சைக்கிளில் வருவாரா? கடலில் பயிற்சி கொடுக்கும்போது கயாக்கோ படகோ இருக்குமா? எனக்கு ஸ்பீடு கம்மி, காத்திருப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு சிரித்து மழுப்பினால், அந்தக் குழு உங்களுக்கு வேண்டாம். நல்ல குழுவில் முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்டிவிட்டுத்தான் தாண்டுவார், பின்னால் கார் வந்தால் கடைசி ஆள் கத்திச் சொல்வார்.

இன்னொரு லாபம், காசு. முதல் போட்டிக்கு லட்ச ரூபாய் சைக்கிள் எதற்கு? பிரேக் ஒழுங்காக வேலை செய்கிற, ஹேண்டில்பார் முனைகள் அடைக்கப்பட்ட ஹைபிரிட் சைக்கிளே போதும். எனக்கு ஹெல்மெட்டும் பம்ப்பும் குழுவில் ஓசியில்தான் கிடைத்தன. (ஹெல்மெட்டை ஓசி வாங்கினால், விரிசல் இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.)

கடல், குளம் அல்ல!

25 மீட்டர் நீச்சல் குளத்தில் 30 முறை கடந்தால் 750 மீட்டர். இதை ரொம்ப ஈஸியாக நீந்துகிறவர்களும் கடலில் தடுமாறுவார்கள். காரணம், குளத்தில் தரையில் கோடு இருக்கும், களைத்தால் சுவர் இருக்கும். கடலில் இரண்டும் கிடையாது. அதனால் ஆறு, எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்யப் பழக வேண்டும். தலையை முழுசாகத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும், களைப்பும் சீக்கிரம் வரும்.

தனியாகக் கடலில் இறங்கவே கூடாது. மெரினாவில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதை ஒவ்வொரு விடுமுறைக்கும் செய்திகளில் படிக்கிறோம். எங்கள் குழு கோவளம் பக்கம் மீனவர்களைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்காது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் 'தெண்டி' என்பார்கள். அது வேகமாக ஓடுகிற நாளில் "இன்னைக்கு வேணாம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் பயிற்சியை மறந்துவிடுங்கள்.

போட்டியன்று எனக்கு என்ன ஆனது தெரியுமா? 200 மீட்டர்கூடத் தாண்டவில்லை. யாருடைய காலோ முகத்தில் பட்டது, கண்ணாடி விலகியது, ஒரு மிடறு உப்புத் தண்ணீர் உள்ளே போனது. மூச்சு வாங்க முடியவில்லை, கரையும் தெரியவில்லை. 'அவ்வளவுதான், முடிந்தது' என்றே நினைத்தேன். அப்போது பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த எங்கள் குழு அக்கா ஒருவர், "மல்லாக்கப் படுடீ... வானத்தைப் பாரு. மூச்சை மெதுவா வெளியே விடு!" என்று கத்தினார். பயிற்சியில் இதைப் பத்து தடவையாவது செய்ய வைத்திருந்தார்கள், அப்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது. உடம்புக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மல்லாந்து மிதந்தேன், பிறகு கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். இதற்காக யாரும் உங்களை நீக்க மாட்டார்கள். கயாக்கைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, ஓய்வெடுக்கலாம் என்பதுதான் விதி.

கரையேறிய பிறகு...

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்துக்கு ட்ரான்சிஷன் என்று பெயர். அங்கேயும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஹெல்மெட் மாட்டி, கிளிப் போட்ட பிறகே சைக்கிளைத் தொட வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. துண்டை விரித்து, அதன்மேல் எதை எடுக்கப்போகிறோமோ அந்த வரிசையில் ஹெல்மெட், ஷூ, நம்பர் பெல்ட்டை வைத்துவிடுங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நான் இதை ஒத்திகை பார்த்தபோது வாட்ச்மேன் அண்ணன் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை விடுங்கள்.

இன்னொன்று, போட்டியில் பெரும்பாலும் முன்னால் போகிறவரை ஒட்டியே ஓட்டக் கூடாது. காற்றைத் தடுத்து உங்கள் உழைப்பைக் குறைக்கும் என்பதால் அதற்குத் தடை. குழுவோடு நெருக்கமாக ஓட்டியே பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் உங்களுடையதாகவே இருக்காது, மரக்கட்டை மாதிரி கனக்கும். சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு ஓடிப் பழகும் 'பிரிக்' பயிற்சியை வாரம் ஒருமுறை செய்திருந்தால், முதல் ஒரு கிலோமீட்டரில் அது சரியாகிவிடும். நம்மூர் வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் சோடியம் குறைந்துவிடும். அதனால் ஓ.ஆர்.எஸ் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஓடும்போது உடம்பு சில்லிட்டு, ரோமம் சிலிர்த்து, தலை சுற்றினால் அங்கேயே நின்றுவிடுங்கள். போட்டியன்று காலை புதுச் சாப்பாடு, புது ஷூ இரண்டுமே வேண்டாம். பழக்கப்பட்ட இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. கடைசி ஆள் ஃபினிஷ் லைனைத் தொடும்வரை பிரியாணிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அன்று கடைசி ஆள் நான்தான். கடைசி 500 மீட்டரை நான் நொண்டிக்கொண்டு வந்தபோது, ஏற்கெனவே முடித்திருந்த எட்டு பேரும் மெடலோடு திரும்பி ஓடி வந்து என் கூடவே நடந்தார்கள். பிரியாணி சுத்தமாக ஆறிப்போயிருந்தது.