நிலாவுக்குக் கிளம்பின இரண்டாவது நாடு

நிலாவுக்கு ஆள் அனுப்பின நாடுகள் எவைன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. அமெரிக்கா, ரஷ்யா, சில பேர் சீனாவையும் சேர்த்துப்பாங்க. உண்மையான பதில் ரொம்பச் சின்னது. 1969 ஜூலையிலிருந்து 1972 டிசம்பர் வரைக்கும் ஆறு அப்போலோ பயணங்கள்ல 12 பேர் நிலாவில் நடந்திருக்காங்க. 12 பேருமே அமெரிக்கர்கள். மெஷினைப் பத்திரமா இறக்கின நாடுகள்னா சோவியத் யூனியன், அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான்னு பட்டியல் நீளும். நம்ம சந்திரயான்-3 அதுல வருது. கால் வெச்சதுன்னு வந்தா ஒரே நாடுதான்.

இன்னைக்கு நான் பேசப்போறது அந்த ஒரு நாட்டைப் பத்தி இல்லை. ரெண்டாவதா வந்திருக்க வேண்டிய நாட்டைப் பத்தி.

ஆம்ஸ்ட்ராங் இறங்கின பிறகு சோவியத் அரசு சொன்னது இதுதான்: நாங்க அந்தப் போட்டியிலேயே இல்லை, எங்களுக்கு ரோபோக்களே போதும். கிட்டத்தட்ட 20 வருஷம் இதே பதில். மேற்கு நாடுகள்லயே பல பேர் இதை நம்பி, அமெரிக்கா தன்னந்தனியா ஓடி ஜெயிச்சுதுன்னு கிண்டல் பண்ணாங்க. ஆனா கஜகஸ்தான் பாலைவனத்துல, பைக்கனூர்ல, 105 மீட்டர் உயரத்துல ஒரு ராக்கெட் நின்னது. அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் அதைப் படம் எடுத்தும் வெச்சிருந்தன. பேர் என்1.

கென்னடி நிலாவுக்குப் போவோம்னு அறிவிச்சது 1961 மே மாதம். மனுஷனை நிலாவில் இறக்கணும்னு மாஸ்கோ அதிகாரபூர்வமா முடிவெடுத்தது 1964 ஆகஸ்ட். மூணு வருஷம் லேட். பொறுப்பு செர்கேய் கரல்யோவ் கையில். ஸ்புட்னிக்கையும் ககாரினையும் அனுப்பினவர். 1966 ஜனவரியில் அவர் சாகுற வரைக்கும் அவர் பேரே வெளியே வரலை. பத்திரிகைகளுக்கு அவர் வெறும் 'தலைமை வடிவமைப்பாளர்'.

இன்ஜின் கட்டுறதுல பெரிய கை வலன்டீன் குளுஷ்கோ. ரெண்டு பேருமே 1938ல ஸ்டாலின் காலத்துல கைதானவங்க, பல வருஷமா சேர்ந்து வேலை பார்த்தவங்க. கரல்யோவ் கேட்டது மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கிற இன்ஜின். குளுஷ்கோ சொன்னது, ஒண்ணோட ஒண்ணு பட்ட உடனே தானா பத்திக்கிற, ஆனா கடும் விஷமான எரிபொருள். மனுஷன் போற ராக்கெட்டுல விஷமான்னு கரல்யோவ் மறுத்துட்டார். பேச்சு முறிஞ்சுது. கடைசியில விமான இன்ஜின் செய்துகிட்டிருந்த நிக்கலாய் குஸ்நெத்சோவ்கிட்ட போனாங்க. அவரால செய்ய முடிஞ்சது சின்ன இன்ஜின்கள். அதனால முதல் அடுக்குல மட்டும் 30 இன்ஜின். அமெரிக்காவோட சாட்டர்ன் 5ல அஞ்சே அஞ்சுதான்.

ரெண்டு பேர் சண்டையால ஒரு நாடு நிலாவைக் கோட்டை விட்டுதுன்னு கதை சொல்றது சுலபம், சினிமா மாதிரியும் இருக்கும். எனக்கு அதைவிடப் பெருசா தெரியறது வேற. அந்த 30 இன்ஜினையும் சேர்த்துத் தரையில எரிச்சுப் பார்க்க அவங்க ஒரு சோதனை மேடையே கட்டலை. காசும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு தடவை எரிச்ச இன்ஜினைத் திரும்பவும் பயன்படுத்த முடியாதுங்கறதால, ஆறு இன்ஜின் வந்தா ரெண்டை மட்டும் எரிச்சுப் பார்ப்பாங்க. மிச்சம் நாலு அப்படியே ராக்கெட்டுக்குப் போயிடும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது சமையலுக்குச் சரி.

அவங்க திட்டத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போறது ரெண்டு பேர், இறங்குறது ஒருத்தர். கலத்திலிருந்து இறங்குகலத்துக்குப் போக உள்ளே வழி கிடையாது. வெளியே வந்து, நிலாவுக்கு மேலே விண்வெளியில் ஊர்ந்து, அந்தப் பக்கம் ஏறணும். தனியா இறங்கணும், தனியா நடக்கணும், திரும்ப அதே மாதிரி ஊர்ந்து வரணும். இதுக்கு முன்வரிசையில் இருந்தவர் அலெக்ஸேய் லியோனவ். 1965ல உலகத்துலேயே முதல்ல விண்நடை போனவர். அப்போ அவர் உடை காற்றுல உப்பிப்போய், கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் உள்ளே நுழைய முடிஞ்சது. அவரேதான் திரும்பவும் போகத் தயாரா இருந்தார்.

இடையில ஒரு துணுக்கு. 1968 செப்டம்பர்ல ஜோண்ட் 5 நிலாவைச் சுத்தி பத்திரமா பூமிக்கு வந்துச்சு. உள்ளே ரெண்டு ஆமைகள். அப்போலோ 8க்கு மூணு மாசம் முந்திட்டாங்க.

என்1 முதல் முறை கிளம்பினது 1969 பிப்ரவரி 21. ஒரு நிமிஷம் சொச்சத்துல தோல்வி. ரெண்டாவது ஜூலை 3 ராத்திரி. ஒரு ஆக்சிஜன் பம்ப் வெடிச்சு, கட்டுப்பாட்டுக் கருவி கிட்டத்தட்ட எல்லா இன்ஜினையும் அணைச்சிடுச்சு. எரிபொருள் நிரம்பின ராக்கெட் அப்படியே ஏவுதளத்து மேலேயே விழுந்துச்சு. சரியா 13 நாள் கழிச்சு அப்போலோ 11 கிளம்பியது. 1971ல மூணாவது முயற்சி. 1972 நவம்பர்ல நாலாவது, 107 விநாடி பறந்துச்சு. முதல் அடுக்கு கழல இன்னும் சில விநாடிதான் பாக்கி.

அடுத்ததுக்கு ரெண்டு ராக்கெட் ஏறக்குறைய தயாரா இருக்கும்போது, 1974ல தலைமை மாறுச்சு. புதுத் தலைவர் வேற யாரும் இல்லை, குளுஷ்கோ. என்1ஐ நிறுத்தினார். ராக்கெட்டை உடைச்சாங்க. அந்தத் துண்டுகள் பைக்கனூர்ல கொட்டகைக்குக் கூரையாச்சு. அதுல வாழ்க்கையைப் போட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு, நாங்க இப்படி ஒண்ணு கட்டினோம்னு வெளியே சொல்ற உரிமைகூட கிடையாது. 1989ல எம்ஐடி பேராசிரியர்கள் சிலர் மாஸ்கோவுல ஒரு விமானவியல் கல்லூரிக்குப் போனப்போ, அங்கே அந்த இறங்குகலம் நின்னுகிட்டிருந்தது. அதே வருஷம் சோவியத் பத்திரிகைகளும் எழுத ஆரம்பிச்சன.

இன்ஜின்களையும் அழிக்கச் சொல்லி உத்தரவு. என்1க்காக மேம்படுத்தின டஜன் கணக்கான இன்ஜின்களை குஸ்நெத்சோவ் அழிக்காம கிடங்குல வெச்சிருந்தார். 90கள்ல அமெரிக்க நிறுவனம் ஒண்ணு அதுல பலதை வாங்குச்சு. 2013ல வர்ஜீனியாவிலிருந்து ஆன்டாரஸ் ராக்கெட்டைத் தூக்கினது அவைதான். 2014 அக்டோபர்ல அதே ரக ராக்கெட் ஒண்ணு கிளம்பின சில விநாடியிலேயே வெடிச்சுது. விசாரணை போய் நின்ன இடம் ஆக்சிஜன் பம்ப். அடுத்து ஆன்டாரஸுக்கு வேற ரஷ்ய இன்ஜின் வாங்கினாங்க. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கிறது. செய்து கொடுத்தது குளுஷ்கோ ஆரம்பிச்ச நிறுவனம்.