கீல்வாத மருந்தும் வாயில்லா உயிர்களும்

கீல்வாதம் உயிரை உடனே பறிக்கும் நோயன்று. உழைப்பை முதலிற் பறிக்கும் நோயாகும். விரல் மடங்காத கைக்கு வேலையில்லை. வேலையில்லாத கைக்குக் கூலியில்லை. இந்நோயை முன்வினைப் பயனென்று சொல்வோரும், மந்திரித்த கயிற்றைக் கட்டிக் காசு வாங்குவோரும், கைகண்ட மருந்தென்று தைலம் விற்போரும் நம்மிடை உளர். "இது குணப்படுத்துமென்று எங்ஙனம் அறிந்தீர்?" என்று அவர்களைக் கேட்பது பகுத்தறிவு. அதே கேள்வியை மேனாட்டு மாத்திரையிடத்தும் கேட்பதே நேர்மை. அக்கேள்விக்கு விடை தேடியோர் எலியையும் கினிப்பன்றியையும் நாடிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முற்காலத்தில் வைத்தியர் தம்மையே சோதனைப் பொருளாக்கினர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர வைத்தியர் தாமஸ் மக்லாகன், வில்லோ மரப்பட்டையினின்று எடுத்த சாலிசினை முதலில் தாமே உண்டு பார்த்து, பின்னரே மூட்டுவாதக் காய்ச்சலால் வருந்தியோருக்குக் கொடுத்தார். தாம் கண்டதை 1876இல் வெளியிட்டார். 1897இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் உருவாயிற்று. அது நோவையும் வீக்கத்தையும் தணித்ததாயினும், முடக்குவாதத்துக்கு வேண்டிய பெரிய அளவில் உண்டோர் பலருக்கு வயிறு புண்பட்டது. 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் கார்ட்டிஸோனைச் செலுத்தியபோது, முடங்கிக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். நெடுநாட் செலுத்தியபோதோ முகம் உப்பிற்று, எலும்பு மெலிந்தது.

இவ்விரண்டினும் நல்லதொன்றை வேண்டி, 1950களில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பூட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஆடம்ஸ் ஆராய்ச்சி தொடங்கினார். பழைய வீடொன்றின் முன்னறையே அவருக்குச் சோதனைச் சாலையாயிற்று. ரசாயன அறிஞர் ஜான் நிக்கல்சன் புதுப் பொருள்களை ஆக்கித் தந்தார். அவற்றுள் நல்லது எதுவென்று கினிப்பன்றியின் முதுகைக் கொண்டு ஆராய்ந்தனர். மயிரை மழித்து, மருந்தை ஊட்டி, அத்தோலின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவர். மருந்து பெறாத பிராணியின் தோல் சிவக்கும்; நல்ல மருந்து பெற்றதன் தோலிலோ அச்சிவப்பு தாமதிக்கும். இவ்வாறு 600க்கு மேற்பட்ட பொருள்கள் ஆராயப்பட்டன.

ஆனால், கினிப்பன்றியிடம் ஆஸ்பிரினை வென்ற பொருளொன்று, மனிதரின் மூட்டில் பயனற்றுப் போயிற்று. சிவப்பைத் தடுத்தல் ஒன்றே போதாது, நோவையும் காய்ச்சலையும் தணிக்கும் ஆற்றலும் வேண்டுமென்று அத்தோல்வி கற்பித்தது. பின்னர் வந்த இபுஃபெனாக் 1966இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சில நோயாளிகளின் ஈரல் கெட்டு மஞ்சட் காமாலை கண்டமையால் 1968இல் திரும்பப் பெறப்பட்டது. ஆடம்ஸும் நிக்கல்சனும் 1961இலேயே காப்புரிமை கோரியிருந்த இபுப்ரோஃபென், 1969இல் முடக்குவாத மருந்தாக வெளிவந்து நிலைத்தது. இன்று மருந்துக் கடைகளில் நாம் காணும் மாத்திரை அதுவே.

தோற் சிவப்பு மூட்டு நோயாகாது என்பது பற்றி வேறு சோதனைகளும் தோன்றின. 1956இல் கார்ல் பியர்ஸன், கொன்ற காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயை எலிக்கு ஊசி மூலம் ஏற்றினால் அதன் மூட்டுகள் வீங்குமென்று காட்டினார். 1962இல் சார்லஸ் விண்ட்டர் முதலியோர், கடற்பாசியினின்று எடுத்த காரஜீனனை எலியின் பாதத்திற் செலுத்தி, வீக்கத்தை அளந்து மருந்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். நமக்கு நோவு தீரவேண்டி, நோவென்று சொல்ல வாயில்லாத உயிர்களுக்கு நோவை உண்டாக்கினோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அவ்வுயிர்கள் தந்த சாட்சியத்தை மனிதர் எவ்வாறு பயன்படுத்தினர்? பெனாக்ஸாப்ரோஃபென் என்னும் மருந்து, விலங்குகளிடம் காட்டிய சில குணங்களால், நோயின் போக்கையே தடுக்குமோ என்ற நம்பிக்கையை எழுப்பிற்று. 1980இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த அது, 1982இல் நிறுத்தப்பட்டது. முதியோர் உடலில் அது நெடுநேரம் தங்கிற்று. அதனை உண்ட முதியோர் பலர் ஈரல் முதலியன கெட்டு மாண்டனர். கீல்வாதம் பெரும்பாலும் முதியோரையே வருத்துவது. அவர்களுடைய உடலின் இயல்பை முன்னரே நன்கு ஆராய்ந்திருக்க வேண்டாவோ?

இதற்கு மாறாக, லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் குழு, மூட்டு வீங்கிய சுண்டெலிகளில் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுத்தால் நோய் தணியுமென்று 1992இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே சில நோயாளிகளுக்கு அத்தகைய மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அத்துடன் அமையாது, 73 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் அளித்து ஒப்பிட்டு, 1994இல் முடிவை அறிவித்தனர். சுண்டெலி வழி காட்டிற்று. தீர்ப்பு மனிதரிடத்தே பெறப்பட்டது.

விலங்குச் சோதனை சாட்சியமேயன்றித் தீர்ப்பன்று என்பதே இவ்வரலாற்றின் பாடம். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர், இயலுமிடத்து விலங்குக்கு மாற்றைத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்று மூன்று நெறிகளை வகுத்தனர். தோல்வியுற்ற சோதனையை மறைப்பவன் இந்நெறிக்கும் பகைவன். அவன் மறைத்ததை மீண்டும் அறிய மற்றோர் எலி வருந்தவேண்டும்.

ஆதலின் கயிறாயினும், தைலமாயினும், மாத்திரையாயினும், எவரிடத்துச் சோதித்தீர், எத்தனை நாள், என்ன தீங்கு கண்டீர் என்று கேட்க நாம் கூசவேண்டுவதில்லை. விடை சொல்ல மறுப்பவனிடம் நம் கூலிக்காசைக் கொடுத்தல் தகாது.